ஏரிக்கரையில் தப்பு வழி

என் மகள் எங்களை ஏரி பார்க்கக் கூப்பிட்டபோதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. சோழியன் குடுமி சும்மா ஆடாது. சாத்தனூர் அணைக்கு வாடி என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். "தண்ணியில போயி என்னாத்தம்மா பாக்கறது" என்று போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னவள். ஜவ்வாது மலைக்கு எங்கள் தெருவே வேன் பிடித்துப் போனபோதுகூட அவள் வரவில்லை. அப்படிப்பட்டவள், வேலை பார்க்கும் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்து, மேற்கே மலைமேல் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது, அதற்குள் சின்னதாக ஒரு காட்டு ஏரி இருக்கிறது, அனுமதிச் சீட்டு எடுத்தாகிவிட்டது, நீங்கள் இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள் என்கிறாள்.

"ஏரியா? நம்ம ஊர்ல இல்லாத ஏரியா?" என்றேன்.

"இது காட்டுக்குள்ள இருக்கும்மா. சுத்தி நடக்கலாம்."

"நடக்கறதுக்கு நம்ம ஊர்ல மலை இருக்குதே."

"அங்க எல்லாரும் தெரிஞ்சவங்களா இருக்காங்கம்மா," என்றாள். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள் என்று இங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. தெரிந்தவர்கள் இருந்தால் என்ன? மடியில் கனம் இருப்பவர்களுக்குத்தானே வழியில் பயம்?

சந்தேகப்படுவது எனக்குத் தொழில் என்றே சொல்லலாம். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்பக்கத் தெருவில், வீட்டு மாடியில் நாலு அறை கட்டி வாடகைக்கு விடுகிறேன். வெளிநாட்டுக்காரர்கள், வடக்கத்திக்காரர்கள், சென்னைக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். வருகிறவரின் முகத்தை நான் பார்ப்பதில்லை, பையைத்தான் பார்ப்பேன். முகம் ஆயிரம் பொய் சொல்லும், பை சொல்லாது. மௌன விரதம் என்று ஒரு சீட்டில் எழுதிக் காட்டி அறை எடுத்தவர், மறுநாள் காலை கொல்லைப் பக்கம் நின்று போனில் யாரையோ தாறுமாறாகத் திட்டியதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

மெத்தை தலையணை வாங்கினாலும் அப்படித்தான். ஊருக்குள் ஒரு பாயம்மா மெத்தைக் கடை வைத்திருக்கிறார். புருஷன் போன பிறகு அவரே தையல் மெஷினில் உட்கார்ந்து தைப்பவர். அறைகளுக்கு வேண்டியதெல்லாம் அங்கேதான். இலவம்பஞ்சு என்று சொல்லிக் கழிவுப் பஞ்சைத் திணித்துவிடுவாரோ என்று ஒவ்வொரு தலையணைக்கும் ஓரத் தையலை நகத்தால் பிரித்து, இரண்டு விரலை உள்ளே விட்டு, கொஞ்சம் பஞ்சை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்.  பாயம்மா ஊசியில் நூலைக் கோத்து, பிரித்த இடத்தைத் தைத்துத் தருவார். இருபது வருஷமாக எங்களுக்குள் இதுதான் உறவு. கடைசியாக வாங்கிவந்த ஒரு தலையணையில் மட்டும் தையல் அவ்வளவு நெருக்கம், என் நகம் நுழையவில்லை. பிரிக்காமலே வாங்கிவந்தேன். ஆனால் அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. எதையோ மறைக்கத்தானே இவ்வளவு நெருக்கித் தைப்பார்கள்?

என் வீட்டுக்காரருக்கு வெளுத்ததெல்லாம் பால். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "பொண்ணு ஆசையா கூப்பிடறா, வாயேன்" என்றார்.

"வர்ற வரனையெல்லாம் மூக்கு சரியில்ல, முழி சரியில்லனு தட்டிக் கழிக்கறா. இப்ப ஏரிக்கு வான்னா என்னா அர்த்தம்? அங்க எவனோ நிக்கறான்னு அர்த்தம்."

"நின்னா பாத்துட்டு வரலாம். ஏரியும் பாத்த மாதிரி ஆச்சு."

இவ்வளவு சுலபமாக அவர் சொன்னதால் அவர் மேலும் எனக்கு ஒரு கண் விழுந்தது.

கோயம்புத்தூரில் இறங்கி மகளின் அறைக்குப் போனால், சந்தேகம் இன்னும் தடித்தது. புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், கூடவே ஒரு டப்பா கேசரி. மூன்று பேர் சாப்பிட ஒரு பந்திக்கான சாப்பாடு. "மிச்சமானா என்னா பண்ணுவ?" என்றேன். "மிச்சமாகாதும்மா" என்றாள். அதோடு விடவில்லை. "அந்த மாம்பழக் கலர் புடவை கொண்டாந்தியா? அத கட்டிக்கோ" என்றாள். காட்டுக்குப் போக யாராவது விசேஷப் புடவை கட்டுவார்களா? போட்டோ எடுக்கத்தான் என்றாள். கட்டிக்கொண்டேன். எதிராளி என்ன ஆட்டம் ஆடுகிறார் என்று தெரியும்வரை நாமும் கூட ஆடுவதுதான் புத்திசாலித்தனம்.

மலையடிவாரத்துச் சோதனைச் சாவடியில் எங்கள் காரை நிறுத்திவிட்டு, வனத்துறை வண்டியில் ஏற வேண்டும். அங்கிருந்த காவலர் என் புடவையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, காட்டுக்குப் பச்சை, மண்ணு கலர்லதான் வரோணும்னு சீட்டுலயே போட்டிருக்குமுங்களே" என்றார். சீட்டு யாரிடம் இருந்தது? மகளிடம். அவள் அலுவலகத்தில் எழுத்துப் பிசகினாலே சண்டை போடுகிறவள், ஒழுங்கு என்றால் ஒழுங்கு பார்ப்பவள். அவள் கண்ணிலிருந்து இந்த வரி தப்பியிருக்காது. அப்படியானால் காட்டைவிட முக்கியமான யாரோ என்னைப் பார்க்கப் போகிறார்கள். புடவைக்கு மேல் என் வீட்டுக்காரரின் பழுப்புச் சால்வையைச் சுற்றிக்கொண்டு ஏறினேன்.

ஏறியதும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். பச்சைச் சட்டை போட்ட ஒரு பையன். கழுத்தில் பைனாகுலர். எழுந்து என் மகளுக்குச் சன்னலோர இடத்தைக் கொடுத்தான். சும்மா கொடுப்பானா ஒருவன்?

"எந்த ஊரு தம்பி?"

"ஈரோடுங்கம்மா."

"என்னா வேலை?"

"காலேஜ்ல ஆராய்ச்சி பண்றேனுங்க. பறவைங்க பத்தி."

"கல்யாணம்?"

"இன்னும் இல்லீங்க."

மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவரையொருவர் ஒருமுறைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை. தெரியாதவர்கள்கூட ஒரே வண்டியில் போனால் தற்செயலாக ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். பார்க்காமலே இருப்பதற்குப் பழக்கம் வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று வீட்டுக்காரரை முழங்கையால் இடித்தேன். அவர் "ஆமா ஆமா, குளிருது" என்றார்.

ஏரி அழகாகத்தான் இருந்தது. அதை மறுக்கவில்லை. சுற்றிலும் குட்டையான, முறுக்கிய மரங்கள், கிளையெல்லாம் பாசி. நடுவில் கருத்த தண்ணீர், ஓர் அலை இல்லை. சுற்றிவர ஒரு மணி நேரம் ஆகும் என்றார் கரையில் இருந்த வனக்காவலர். அதற்குள் பனி ஒரு பக்கம் வந்து மூடும், இன்னொரு பக்கம் திறக்கும். எதிர்க்கரையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க நினைக்கும்போதெல்லாம் சரியாக அங்கேதான் மூடியது. அசையாத தண்ணீரை நான் நம்புவதில்லை. போனைப் பார்த்தேன், சிக்னல் இல்லை. மகள் அவள் போனைப் பார்த்தாள். அவளுக்கும் இல்லை. அவள் முகம்தான் என்னுடையதைவிட அதிகம் வாடியது.

கரையில் ஒரு பலகை. நடைபாதை இந்தப் பக்கம் என்று வலது கைப்பக்கமாக ஓர் அம்புக்குறி. எல்லாரும் அந்தப் பக்கம் போனார்கள். நானும் வீட்டுக்காரரும் பேசி வைத்ததுபோல இடது பக்கம் திரும்பினோம்.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு இது ஒரு நோய். மலை எப்போதும் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி அப்படியே சுற்றிச் சுற்றி, பிறகு வட்டமான எதைக் கண்டாலும் கால் தானாக அதை வலப்பக்கம் வைத்துக்கொண்டு கிளம்பிவிடும். வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் எங்கள் ஊர் வண்டியைத் தேடும்போதுகூட என் வீட்டுக்காரர் கட்டடத்தை வலமாகத்தான் சுற்றுவார். வண்டி இடப்பக்கமே நின்றுகொண்டிருக்கும். இப்போதும் அவர் செருப்பைக் கழற்றிப் பையில் வைக்கப் போனார். வனக்காவலர் அலறினார். "ஐயா, அட்டை இருக்குதுங்க, செருப்ப மாட்டுங்க! அம்மா, அம்புக்குறி அந்தப் பக்கமுங்க!"

"ஏரிய இடப்பக்கம் வச்சிட்டு எப்படிங்க நடக்கறது?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "எப்படிப் போனாலும் இங்கதான் வந்து சேரோணும். எதுக்கால ஆள் வருவாங்க, ஒதுங்கிக்குங்க. அவ்வளவுதானுங்க" என்று விட்டுவிட்டார்.

 நாங்கள் சாலையில் கோட்டைத் தாண்டினாலே கத்துகிற மகள், பலகை போட்டு எழுதியிருந்தும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பின்னாலேயே வந்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆனால் என் கவனமெல்லாம் பச்சைச் சட்டையின் மேல் இருந்தது. அவன் அம்புக்குறி பார்த்து அந்தப் பக்கம் போனான். ஆக, இரண்டு பேரும் இரண்டு பக்கமாகச் சுற்றி நடுவில் எங்கேயோ சந்திப்பது ஏற்பாடு என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு சரிதான். ஆள்தான் தப்பு.

பாதை நெடுக எங்களுக்கு எதிரே ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். "தப்பா வர்றீங்க" என்று ஒருவர் விடாமல் சொல்லிவிட்டுப் போனார்கள். மகள் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். வளைவு வந்தால் எங்களை முந்திக்கொண்டு ஓடிப் பார்ப்பாள், பிறகு நின்றுவிடுவாள். "மெதுவா போலாம்மா" என்பாள். அடுத்த வளைவில் "கொஞ்சம் சீக்கிரம் நடம்மா" என்பாள். அவள் யாரைத் தேடுகிறாளோ அவரை என்னிடமிருந்து மறைக்கிறாளா, காட்டப் போகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை.  வெளியே காட்டிக்கொள்ளாமல் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தேன்.

பாதி தூரத்தில் ஒரு கண்காணிப்புக் கோபுரம். அதன் அடியில் கல் பெஞ்சு. மகள் அங்கே நின்றுவிட்டாள். "இங்க உக்காரலாம்" என்றாள். உட்கார்ந்தோம். அவள் உட்காரவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு முன்பக்கப் பாதையையே பார்த்தாள். சாப்பாட்டுப் பையைத் திறக்கவும் இல்லை.

அந்தப் பாதையில் பச்சைச் சட்டை வந்தான். "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று வீட்டுக்காரரின் தொடையில் கிள்ளினேன். மகள் அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவன் தோளுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. அவள் கண் கலங்கியது. நான் கிள்ளிய கையை எடுத்துக்கொண்டேன்.

பையன் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு வந்தான். "அம்மா, கொஞ்சம் மெதுவா பேசினீங்கன்னா பறவை உக்காருமுங்க. ஆமா, நீங்க எந்த ஊருங்க?"

"திருவண்ணாமலை."

"அப்ப சரிதான்," என்று சிரித்தான். "உங்களுக்கு முன்னால இன்னொரு குடும்பம் போகுதுங்க, ஒரு அம்மாவும் அவங்க பையனும். அவங்களும் இதே மாதிரி தப்பு வழியிலதான். எதுக்கால யாராச்சும் வர்றாங்களான்னு என்னைய வேற கேட்டாங்க. ஊரு கேட்டா அவங்களும் திருவண்ணாமலைன்னாங்க. ஏனுங்க, உங்க ஊர்ல அம்புக்குறியே கிடையாதுங்களா?"

மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் எழுந்து கரையோரம் போனேன். பனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு அந்தப் பக்கம், மரங்களுக்கு இடையில், இரண்டு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். உயரமான ஒரு பையன், தோளில் பை. அவனுக்கு முன்னால் கறுப்பு புர்கா அணிந்த ஓர் அம்மாள், இடது கையை இடுப்பில் ஊன்றி, காலை லேசாக இழுத்து இழுத்து நடந்தார். முகம் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. வருஷக்கணக்காகத் தையல் மெஷின் மிதித்த அந்த இடுப்பை எனக்குத் தெரியும். கடைக்கு நான் போனதும் அந்தக் கையை இடுப்பில் ஊன்றித்தான் எழுந்திருப்பார்.

மெத்தைக் கடைப் பாயம்மா. கூட இருப்பது அவர் மகன், கோயம்புத்தூரில் ஏதோ கம்பெனியில் இருக்கிறான் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். என் மகள் இருப்பதும் அதே கோயம்புத்தூர் என்று அப்போது நானும்தான் சொன்னேன். பொங்கல் லீவில் ஊருக்கு வந்தவள், வீட்டில் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாதவள், "பழைய தலகாணிய நான் கொண்டுபோயி பஞ்சு மாத்தக் குடுத்துட்டு வர்றேம்மா" என்று ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினாளே! ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட எனக்கு அது மட்டும் எப்படித் தோன்றாமல் போயிற்று? முதலில் வந்தது கோபம். அது அவள் மேலா, என் மேலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எத்தன நாளாடி?"

"ரெண்டு வருஷம்மா."

"அதுக்கு இங்க எதுக்குடி வரணும்? ரெண்டு தெரு தள்ளிப் போனா கடை."

"கடைக்குப் போனா நீ தையலப் பிரிச்சுப் பாப்ப, அவங்க தைச்சுக் குடுப்பாங்க. அதான நடக்கும்?" அழுதுகொண்டே சொன்னாள். "அவங்க நம்ம வீட்டுக்கு வந்தா, படியேறி முடிக்கறதுக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சுடும். மாமாவுக்குப் போன் போயிடும். உங்க ரெண்டு பேரையும் ஒரு எடத்துல உக்கார வைக்க ஊர்ல எடமே இல்லம்மா. இங்க யாருக்கும் யாரையும் தெரியாது. அவங்க முன்னாடியே வந்து அம்புக்குறி பக்கமா சுத்தி வரணும். நீ எப்படியும் இந்தப் பக்கமாத்தான் வருவனு எனக்குத் தெரியும். இந்தக் கோபுரத்துகிட்ட எதிர் எதிரா பாத்துப்பீங்க, சாப்பாட்டப் பிரிச்சு உக்காந்துடலாம்னு இருந்தோம்."

"அந்தம்மா எப்படி அந்தப் பக்கம் வரும்? அதுவும் நம்ம ஊர்ல பொறந்ததுதானே!" என்றேன். கோபத்திலும் எனக்கு அது பொறுக்கவில்லை. பௌர்ணமிக் கூட்டம் கடை வாசலில் ஒரே பக்கமாகப் போவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர் அவர். அந்தக் கூட்டத்தோடு அவர் சுற்றியதில்லை, ஆனால் அவர் கால் எங்கள் ஊர்க் கால். பெற்ற தாய் எந்தப் பக்கம் நடப்பாள் என்று தெரியாத பிள்ளையை இவள் கட்டிக்கொள்ளப் போகிறாளாம்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"எனக்கும் இப்பத்தான்," என்றார், தண்ணீரைப் பார்த்தபடி. நான் நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை.

அந்த நேரம் பார்த்து முன்பக்கம் விசில் சத்தம். கோபுரத்தின் மேலிருந்த காவலர் இறங்கி வந்தார். எங்களுக்கு முன்னால் பாதையில் காட்டெருமைகள் இறங்கிவிட்டன, தண்ணீர் குடித்துப் போக எவ்வளவு நேரம் ஆகுமோ தெரியாது, வந்த வழியே திரும்பிப் போங்கள் என்றார். மரங்களுக்கிடையில் எட்டிப் பார்த்தோம். கன்னங்கரேலென்று, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளையாக, பாதையை அடைத்துக்கொண்டு நின்றன.

"அந்தப் பக்கம் போற அம்மாவும் பையனும்?" என்று மகள் கேட்டாள்.

"அவங்க தாண்டிட்டாங்க. நேரா வண்டிக்குப் போயிடுவாங்க. அவங்க முதல் வண்டில வந்தவங்க, அது இப்பக் கிளம்பிடுமுங்க. நீங்க திரும்பறதுன்னா இப்பவே திரும்புங்க. இல்ல, இங்கயே மேல ஏறி உக்காந்து, அதுங்க போனதும் முன்னால போறதுன்னாலும் சரி."

இதைக் கேட்டதும் என் மனசு போட்ட கணக்கை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் அங்கேயே உட்கார்ந்துகொண்டால் போதும். முதல் வண்டி போய்விடும். பாதி வலம் வந்துவிட்டு இடமாகத் திரும்பக் கூடாது என்று எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வதுதான். நல்ல காரியம் பேச வந்த இடத்தில் அப்பிரதட்சணமாக நடப்பார்களா? காட்டெருமை மேல் பழி, சாஸ்திரத்தின் மேல் பழி. என் மேல் ஒரு பேச்சு வராது. பாயம்மாவுக்கும் வருத்தம் இருக்காது. ஊருக்குப் போய் அடுத்த தலையணையை நான் பிரிப்பேன், அவர் தைப்பார். என் அண்ணன் என் வீட்டு வாசலை மிதிக்காமல் போகும் நாள் வரவே வராது.

பயமாகத்தான் இருந்தது. அவர்கள் வீட்டுச் சடங்கு வேறு, எங்கள் வீட்டுச் சடங்கு வேறு. ஊர் என்ன பேசும், நாளை பிறக்கும் குழந்தையை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரியாததை எல்லாம் சந்தேகப்பட்டே பழகியவள் நான்.

மகளைப் பார்த்தேன். அழுகையை நிறுத்தியிருந்தாள். கெஞ்சுவாள் என்று நினைத்தேன், கெஞ்சவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கோபுரப் படியில் ஒரு காலை வைத்தாள். "வாம்மா, மேல உக்காரலாம். நீ எப்படியும் திரும்ப மாட்ட" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மழை வரும் என்று சொல்வதுபோல, தெரிந்த விஷயத்தைச் சொல்லும் குரலில் சொன்னாள். நான் இந்தப் பக்கமாகத்தான் வருவேன் என்று எப்படி அவளுக்குத் தெரியுமோ, அப்படியே இதுவும் தெரியும் என்று நினைத்துவிட்டாள்.  என்னைப் பெற்றவளுக்கே என்னை இவ்வளவு தெரியாது, இவளுக்குத் தெரிந்துவிட்டதாமே!

"கீழ எறங்குடி," என்றேன். "வண்டி போயிடப் போவுது."

திரும்பி நடந்தேன். ஏரி என் இடது கைப்பக்கம் வந்தது. பிறந்ததிலிருந்து அப்படி நடந்ததில்லை. பாதை அதே பாதைதான், ஆனாலும் கால் ஒவ்வொரு அடிக்கும் தடுக்கியது. மரமெல்லாம் பார்க்காத மரமாக இருந்தது. வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "ஏய், மெதுவா போ, வழுக்கும்" என்றார். நான் நிற்கவில்லை. கழுத்து வேர்த்தது. சால்வையை அவிழ்த்து அவர் மேலேயே போட்டேன். மாம்பழக் கலர் தெரிந்தால் தெரியட்டும். காட்டெருமைக்கா கட்டினேன்?

வண்டி நிற்கும் இடத்தை எட்டுவதற்கு இன்னும் இரண்டு வளைவு இருந்தது. வண்டியின் ஹாரன் சத்தம் கேட்டது. பிறகு அது கிளம்பிப் போகும் சத்தமும் கேட்டது. மகள் எனக்குப் பின்னால் நின்றுவிட்டாள். அவள் மூச்சு எனக்குக் கேட்டது. நான் மட்டும் நடந்தேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அடுத்த வளைவில் பாயம்மா வந்துகொண்டிருந்தார்.

வண்டியில் ஏறவில்லை. ஒரு சுற்று முழுதாக முடித்துவிட்டு, எங்களைக் காணோம் என்றதும் இரண்டாவது சுற்றைத் தொடங்கியிருக்கிறார். அதுவும் அம்புக்குறியை மதிக்காமல், ஏரியை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு, நம் ஊர் வழியிலேயே. அவர் கை இடுப்பில் இருந்தது. பின்னால் வந்த பையனின் பையைத்தான் வழக்கப்படி முதலில் பார்த்தேன். அதற்குள்ளிருந்து ஒரு சின்னத் திண்டு எட்டிப் பார்த்தது. அம்மா கல்லில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும் என்று மலைமேல் ஏரிக்குத் திண்டு சுமந்து வந்திருக்கிறான்.

ஒற்றையடிப் பாதை. இரண்டு பேரும் நின்றோம். பாயம்மா முதலில் என் புடவையைப் பார்த்தார், பிறகு நான் வந்த திசையைப் பார்த்தார்.

"என்னாக்கா," என்றார் மூச்சு வாங்க, "தப்பு வழியில வர்றீங்க?"

"உங்களப் பாக்கணும்னா வேற வழி ஏது, பாயம்மா?"

அவர் சிரிக்கவில்லை. மகனின் முழங்கையைப் பிடித்து இழுத்து எனக்கு முன்னால் நிறுத்தினார். "இந்தாங்க. இப்பவே நல்லா பிரிச்சுப் பாத்துக்குங்க. உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு கெடையாது. பிற்பாடு பஞ்சு சரியில்லனு எங்கிட்ட வரக்கூடாது."

மகனின் முழங்கையை அவர் இன்னும் விடவில்லை. அவருக்கும் என் அளவுக்குப் பயம் என்று அப்போதுதான் கண்டேன். அவர் வீட்டிலும் வாசலை மிதிக்காமல் போக ஓர் அண்ணன் இருப்பார்தானே.  சம்மதம் என்று நான் சொல்லவில்லை. அந்த வார்த்தை அன்று எனக்கு வரவில்லை. பின்னால் வந்து நின்ற மகளைத்தான் முன்னால் தள்ளினேன்.

"அப்ப நீங்களும் பாத்துக்குங்க. இவளுக்கு வாய் ஜாஸ்தி, வேலை கம்மி. அப்புறம் நான் சொல்லலனு சொல்லாதீங்க."

"நான் எப்பவோ பாத்துட்டேங்கக்கா," என்றார் பாயம்மா. "லீவுக்கு வந்தா மெஷின்ல வந்து உக்காந்துக்கும். பொங்கலுக்கு ஒரு தலகாணி தைச்சுது. பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சுது, கைய ரெண்டு எடத்துல குத்திக்கிச்சு. விடுடி, போதும்னேன். இல்ல மாமி, எங்கம்மா நகம் உள்ள போகக்கூடாது, அப்பத்தான் இது பாஸுன்னு சொல்லிச்சு."

நான் மகளின் விரல்களைப் பார்த்தேன். பாயம்மா பையிலிருந்து திண்டை எடுத்துக் கல்லின் மேல் போட்டு, "உக்காருங்கக்கா" என்றார்.